பந்தய மாட்டுவண்டி

பந்தய மாட்டுவண்டி என்பது, காளைகளைப் பூட்டி ஓட்டப்போட்டிக்கென்றே பயன்படுத்தும் இருசக்கர வண்டி. கொங்கு நாட்டில் இதற்கு ரேக்ளா என்று பெயர். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கங்களில் வண்டிக்குத் தனிப்பெயர் அதிகம் வழங்குவதில்லை. போட்டியைத்தான் ‘மாட்டுவண்டிப் பந்தயம்’ என்பார்கள், சுவரொட்டிகளில் ‘மாபெரும் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம்’ என்று அச்சாகும். காவிரிப் படுகையில் பந்தயம் மிகுதியாக நடப்பது தஞ்சாவூர் மாவட்டத்தின் தென்பகுதியில், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில். வடக்கே திருவையாற்றைச் சுற்றிய பழைய பாசனப் பகுதியில் வண்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது பாரவண்டிதான்.

கார்ட் எனும் சிறு மோட்டார் வண்டிகளை ஓட்டும் பந்தயக் காணொளி விளையாட்டு ஆடிப் பழகியவர்களுக்கு இந்த வண்டியைப் புரியவைப்பது எளிது. அங்கே ஆட்டம் தொடங்குமுன் ஒரு பட்டியல் வரும், எடை, வேகம், முடுக்கம், திருப்பம் என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கணக்கு இருக்கும், வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். மாட்டுவண்டிப் பந்தயத்திலும் அதே தேர்வு உண்டு. ஆனால் அது வண்டியில் நடப்பதில்லை, மாட்டில் நடக்கிறது. வண்டி ஏறக்குறைய ஒன்றேதான். மாட்டுக்கு இடைஞ்சல் செய்யாமல் பின்னால் உருண்டுவருவதைத் தவிர அதனிடம் யாரும் வேறெதையும் எதிர்பார்ப்பதில்லை.

திருவையாறும் வண்டியும்

திருவையாறு காவிரியின் வடகரையில், தஞ்சாவூருக்கு வடக்கே சுமார் 13 கிலோமீட்டரில் உள்ளது. அந்தச் சிறிய தொலைவுக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டவேண்டும். 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரை ரயில் வந்தது. திருவையாற்றுக்கு வரவில்லை, இன்றுவரை அவ்வூருக்கு ரயில் நிலையம் கிடையாது. நெல், வாழைத்தார், வெற்றிலை, கரும்பு, வைக்கோல், ஆற்றுமணல் எல்லாம் நெடுங்காலம் மாட்டுவண்டியில்தான் போயின. ஆடிப்பெருக்குக்குக் குடும்பத்தோடு படித்துறைக்கு வருவதென்றாலும் கூண்டு வண்டி கட்டவேண்டியிருந்தது. டிராக்டரும் சிற்றுந்தும் வந்தபிறகு இவற்றில் மிச்சம் நின்றது மணல்தான். கொள்ளிடம், காவிரிக் கரைகளில் மணல் ஏற்றும் மாட்டுவண்டித் தொழிலாளர் தங்களுக்கென்று தனிக் குவாரி கேட்டுப் போராடுவது இந்த வட்டாரத்துச் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும்.

கோயில் கதையிலும் இந்த ஊருக்கு எருதோடு உறவு உண்டு. நந்தி திருவையாற்றில் வளர்ந்து, கொள்ளிடத்துக்கு வடகரையிலுள்ள திருமழபாடியில் மணம் முடித்ததாகத் தலபுராணம் சொல்கிறது. பங்குனியில் திருமழபாடியில் நந்தி கல்யாணம் நடக்கும். சித்திரையில் திருவையாற்றுச் சிவனான ஐயாறப்பர் நந்தியோடு பல்லக்கேறி, கல்யாணத்துக்கு உதவிய திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் ஆகிய ஊர்களுக்குப் போய்வருவார். ஏழூர்ப் பல்லக்குகளும் கடைசியில் திருவையாற்றில் வந்து கூடும். பொம்மை ஒன்று ஒவ்வொரு சுவாமிக்கும் பூப்போடும். மாப்பிள்ளை எருதாக இருந்தும், இந்தச் சுற்றுப்பயணத்தில் இழுப்பவை காளைகள் அல்ல. மனிதத் தோள்கள்தான் சுமக்கின்றன.

பழைய பாசனப் பகுதியில் பந்தயம் குறைவாகவும் தெற்கே மிகுதியாகவும் இருப்பதற்கு மண்ணைக் காரணம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. திருவையாறு, கும்பகோணம் பக்கம் வயலோடு வயல் ஒட்டிய களிமண் நிலம். மழை பெய்தால் வண்டித்தடம் சேறாகிவிடும். நேராக நீண்டு ஓடும் மேட்டுச் சாலை அரிது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தின் பெரும்பகுதி 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின், கல்லணைக் கால்வாயால் பாசனம் பெற்ற புன்செய் மேட்டுநிலம். அங்கே செம்மண்ணும் மணற்பாங்கும் மிகுதி, சாலைகளும் நெடியவை. புதுக்கோட்டைச் சீமையின் பந்தயப் பழக்கமும் பக்கத்திலேயே இருந்தது.

அமைப்பு

பந்தய வண்டியைப் பாரவண்டியிலிருந்து கழித்துக் கழித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். பாரவண்டியில் பெரிய பார்ச்சட்டம், பக்கத்துக்கு ஒரு வரிசை முளைக்குச்சி, வைக்கோல் சரியாமலிருக்கத் தட்டி, நிறுத்தும்போது முட்டுக்கொடுக்கும் கட்டை எல்லாம் இருக்கும். பந்தய வண்டியில் இவை ஒன்றும் இல்லை. இரண்டு சக்கரம், ஓர் அச்சு, அதன்மேல் ஆள் உட்காருமளவு பலகை, முன்னோக்கி நீளும் ஏர்க்கால், அதன் நுனியில் நுகத்தடி. அவ்வளவே வண்டி.

மரச்சக்கரத்தின் நடுவிலிருப்பது குடம். அதிலிருந்து பிரியும் கட்டைகள் ஆரக்கால். அவற்றை வெளியே வளைத்துப் பிடிப்பது வட்டை. வழக்கமான சக்கரத்தில் ஆறு வட்டைத் துண்டுகளும், துண்டுக்கு இரண்டாகப் பன்னிரண்டு ஆரக்கால்களும் இருக்கும். குடத்துக்கும் வட்டைக்கும் கருவேலமரம் பெயர்பெற்றது. வட்டையைச் சுற்றி இரும்புப்பட்டை ஏறும். சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாக அடித்த பட்டையை வறட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சி, இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தின்மேல் போட்டு, மரம் தீப்பற்றும் முன் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி எல்லா மூட்டுகளையும் ஒருசேர இறுக்கும். ஆணியும் பசையும் இல்லாமல் சக்கரம் ஒன்றாக நிற்பது இந்த ஒரு நிமிட வேலையில்தான். சக்கரம் கழலாமல் அச்சின் நுனியில் செருகுவது கடையாணி.

உராய்வைக் குறைக்க முன்னாளில் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மசகாகத் தடவினார்கள். குடத்துக்குள் பால்பேரிங் வந்தபிறகு அந்த வேலை குறைந்தது. பாரவண்டிகளில் காற்றடைத்த ரப்பர் சக்கரம் பரவியது. ஊரார் அதை டயர் வண்டி என்றார்கள். டயர் வண்டி பாரத்துக்கு ஏற்றது. சேற்றிலும் மணலிலும் புதையாது. தார்ச்சாலையில் ஓடும் பந்தயத்துக்கு அது தேவையில்லாத கனம். அங்கே கடினமான, ஒடுங்கிய விளிம்புள்ள சக்கரமே எளிதாக உருளும்.

நுகத்தடிக்கு நுணா மரத்தை விரும்புவார்கள்; மஞ்சணத்தி என்பதும் அதுவே. கனமில்லாத, காளையின் கழுத்தை உறுத்தாத மரம். நுகத்தடியின் இரு பக்கத்திலும் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தைச் சுற்றி வரும். ஓட்டுபவரின் கையிலிருக்கும் பிடிகயிறு மூக்கணாங்கயிற்றில் போய் முடியும்.

இவ்வளவு எளிய வண்டியிலும் ஓட்டுபவர் சதா சரிசெய்துகொண்டே இருக்கவேண்டிய ஒன்று இருக்கிறது: பாரம் அச்சுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது. இருசக்கர வண்டி ஒரு துலாக்கோல்போல அச்சின்மேல் நிற்கிறது. எடை முன்னால் கூடினால் நுகத்தடி காளையின் கழுத்தை அழுத்தும், அது முன்பாரம். பின்னால் கூடினால் நுகத்தடி மேலெழும்பி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும், அது பின்பாரம். நெல்மூட்டை ஏற்றும் வண்டிக்காரர் கடைசி இரண்டு மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்தி இதைச் சரிசெய்வார். பந்தய வண்டியில் மூட்டை இல்லை, மனிதர்தான் எடை. அதனால் ஓட்டுபவர் முன்னே குனிவதும் பின்னே சாய்வதும் ஆட்ட வேகத்தில் செய்யும் அலங்காரம் அல்ல. ஏற்றத்தில் ஒன்று, இறக்கத்தில் ஒன்று, திருப்பத்தில் ஒன்று என்று உடம்பாலேயே வண்டியைத் திருத்திக்கொண்டு போகிறார். சங்க காலத்துப் புலவர்களுக்கும் வண்டி நுணுக்கம் தெரிந்திருந்தது. பெரும்பாணாற்றுப்படை உப்பு வணிகரான உமணரின் வண்டியை உறுப்பு உறுப்பாக வருணிக்கிறது. அதில் எருதுகளை ஓட்டுபவள் குழந்தையுள்ள ஒரு பெண். புறநானூற்றில் ஔவையார் பாடல் ஒன்று, வழியில் முறிந்தால் மாற்றுவதற்கென்று வண்டியின் அடியில் கட்டிப்போகும் சேம அச்சைப் பற்றிப் பேசுகிறது. இன்றைய பந்தய வண்டியில் சேம அச்சு கிடையாது. அச்சு முறிந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது.

மாடு

காவிரிப் படுகையின் சொந்த இனம் உம்பளச்சேரி. நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டக் கடலோரப் பகுதிகளில் உருவான இந்த மாட்டைத் தெற்கத்தி மாடு, ஜாதி மாடு, மொட்டை மாடு என்றும் சொல்வார்கள். கன்று செம்மை அல்லது பழுப்பு நிறத்தில் பிறந்து சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும். நெற்றியில் வெள்ளைப் பொட்டும் கால்களிலும் வாலிலும் வெண்குறியும் இனத்தின் அடையாளம். சிறுவயதிலேயே கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கம் இருந்ததால்தான் ‘மொட்டை’ என்ற பெயர். முழங்கால் சேற்றில் மணிக்கணக்காக உழுவது இதன் புகழ். திருத்துறைப்பூண்டிக்கு அருகே கொருக்கையில் உள்ள அரசுக் கால்நடைப் பண்ணை இந்த இனத்தைப் பேணிவருகிறது.

சேற்றில் உழைக்கும் மாட்டுக்கும் சாலையில் ஓடும் மாட்டுக்கும் வேண்டிய குணங்கள் வேறு. சேற்று மாட்டிடம் கேட்பது நிதானமும் நீடிப்பும். அடியெடுத்து வைக்கும்போது நெஞ்சு தாழ்ந்து பாரம் ஏறவேண்டும். ஓட்ட மாட்டிடம் கேட்பது நீண்ட கால், ஒடுங்கிய உடம்பு, சத்தம் கேட்டதும் கிளம்பும் சுறுசுறுப்பு. உம்பளச்சேரி சற்றுக் குட்டையான, கட்டுக்கோப்பான மாடு. காங்கயம் மாட்டோடு உள்ளூர் மாட்டைச் சேர்த்து உருவானது என்பது இனவியலாளர் கருத்து. கொங்கு ரேக்ளாவில் காங்கயத்தோடு லம்பாடி மாடுகளும் ஓடுகின்றன. தென்மாவட்டங்களில் பந்தயக்காரர் இனத்தைவிட ஓட்டத்தையே பார்த்து வாங்குவார்கள். பெயர்பெற்ற காளையின் விலை லட்சங்களில் போகும்.

உழவு டிராக்டருக்குப் போனபிறகு நிகழ்ந்த மாற்றம் ஒன்றைக் குறிப்பிடவேண்டும். முன்பு பந்தயத்தில் ஓடியது உழவு மாடு. சம்பா அறுவடை தையில் முடியும். ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணீர் வரும்வரை மாட்டுக்கு வயலில் வேலை குறைவு. அந்த இடைவெளியில்தான் கோயில் திருவிழாக்கள், அதையொட்டிப் பந்தயங்கள். இன்று பந்தயக் காளை ஆண்டு முழுதும் பந்தயக் காளைதான். பருத்திக்கொட்டை, உளுந்து, பேரீச்சம்பழம், முட்டை என்று தனிச் சாப்பாடு; நீச்சல், நடை, ஓட்டப் பயிற்சி; உறங்கக் கொசுவலை. ஏர்பிடிக்காத மாட்டுக்கு இவ்வளவா என்று முணுமுணுக்கும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் நாட்டுக்காளை வளர்க்க இன்று ஒரு விவசாயிக்கு மிச்சமிருக்கும் சில காரணங்களில் பந்தயமும் ஒன்று என்பதையும் மறுக்கமுடியாது.

தார்ச்சாலையில் ஓடும் மாட்டுக்கு லாடம் கட்டாயம். பிளவுபட்ட குளம்பு என்பதால் காலுக்கு இரண்டு தகடு. ஆக ஒரு மாட்டுக்கு எட்டு, ஜோடிக்குப் பதினாறு. சேற்றிலேயே வேலை செய்யும் மாட்டுக்கு இது தேவைப்படாது.

பிரிவுகளும் ஓட்டமும்

பந்தயத்தில் மாடுகளைப் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு என்று பிரிப்பது அடிப்படை. இதற்குக் கீழே ஊருக்கு ஊர் பெயர்கள் பெருகுகின்றன: கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு, புள்ளிமான். மாடு சிறிதாகச் சிறிதாகப் பெயர் அழகாகிறது. எல்லாப் பிரிவும் எல்லா ஊரிலும் இருப்பதில்லை. புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கத்துச் சுவரொட்டிகளில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் ஆகியவற்றோடு குதிரை வண்டிக்கும் தனிப்போட்டி இருக்கும். தேனிப் பக்கம் சிட்டுகள் அதிகம். உயரமும் பல்லும் பார்த்துத்தான் எந்த மாடு எதில் சேரும் என்று முடிவாகும். போட்டி தொடங்குமுன் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி இதைப் பற்றியதே.

தூரத்தை இன்றும் மைலில்தான் சொல்கிறார்கள். ‘போய்வர 8 மைல்’ என்றால் நான்கு மைல் போய், எல்லையில் திரும்பி, நான்கு மைல் வரவேண்டும். பெரிய மாட்டுக்கு 8, சின்னவற்றுக்கு 6 அல்லது 5 என்பது பரவலான கணக்கு. ஒரே பிரிவில் நிறைய ஜோடிகள் பெயர் கொடுத்துவிட்டால் இரண்டு சுற்றாகப் பிரித்து விடுவார்கள். ஜோடியில் இரண்டு மாடும் ஒரே வீட்டு மாடாக இருக்கவேண்டியதில்லை. ஓர் ஊர்க்காரர் ஒரு மாடும் வேறோர் ஊர்க்காரர் ஒரு மாடும் கொடுத்துச் சேர்த்து ஓட்டுவார்கள். முடிவு அறிவிக்கும்போது இரண்டு ஊர்ப் பெயரும் ஒலிபெருக்கியில் வரும்.

ஓட்டுபவருக்குச் சாரதி என்று பெயர். கூட ஒருவர் பின்னால் நிற்பார்; வேண்டிய இடத்தில் குதித்து வண்டியோடு ஓடி மாட்டை விரட்டிவிட்டு மீண்டும் தொற்றிக்கொள்வார். அவர் குதிக்கும் கணத்தில் வண்டியில் ஏறியிருக்கும் எடை பாதியாகிறது, பாரம் முன்னுக்கு நகர்கிறது. சாரதி அதற்கேற்பப் பின்னே சாயவேண்டும். இருவரும் பேசிக்கொள்ள நேரமில்லாத இடம் அது.

பந்தயம் பெரும்பாலும் தீர்மானமாவது எல்லைத் திருப்பத்தில். நேர்ச்சாலையில் நல்ல மாடு நல்ல மாடுதான். திருப்பத்தில் உள்பக்கத்துக் காளை நின்று கொடுக்க, வெளிப்பக்கத்துக் காளை சுற்றி ஓடவேண்டும். இடப்பக்கத்தில் பழகிய மாட்டை வலப்பக்கம் மாற்றிக் கட்டினால் இந்த இடத்தில்தான் குட்டு வெளிப்படும். எல்லைக்கு முதலில் போய்ச் சேர்ந்த வண்டி கடைசியில் முதலாக வரும் என்ற உறுதி இல்லை. அதனால் எல்லையை முதலில் தொடும் வண்டிக்குக் கொடிப்பரிசு என்று தனியாக ஒரு பரிசு வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு.

கொங்கு ரேக்ளா இதிலிருந்து முற்றிலும் வேறு. அங்கே 200 மீட்டர், 300 மீட்டர் என்று குறுகிய ஓடுதளம். வண்டிகள் ஒவ்வொன்றாக ஓட, நேரத்தை வினாடிக்கணக்கில் அளந்து வரிசைப்படுத்துவார்கள். தெற்கத்திப் பந்தயத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒருவரையொருவர் முந்தாத போட்டி சற்றுச் சப்பென்றுதான் இருக்கும். கொங்குக்காரர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆபத்து குறைவு என்பது அவர்கள் பக்க நியாயம், அது சரியும்கூட. தெற்கே பொதுச்சாலையில் நடக்கும் பந்தயத்தில் வண்டிகளைவிட ஆபத்தானவை, பக்கத்திலேயே கூச்சலிட்டுக்கொண்டு விரட்டிவரும் இருசக்கர வாகனங்கள். மாடு மிரள்வதும் ஆள் விழுவதும் பெரும்பாலும் அவற்றால்தான்.

திரையில் உள்ள வண்டி

கார்ட் பந்தய விளையாட்டு என்ற வகைக்கு அடித்தளமிட்டது நிண்டெண்டோ நிறுவனம் 1992-இல் வெளியிட்ட சூப்பர் மரியோ கார்ட். அதில் எட்டுப் பாத்திரங்கள். இரண்டிரண்டாக நான்கு ஜோடி. ஒரு ஜோடிக்குள் இருவரின் ஓட்டத்திறனும் ஒன்றே. வண்டியைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வழியில்லை; ஆளைத் தேர்ந்தால் வேகமும் கனமும் கூடவே வந்துவிடும். போட்டிகள் 50சிசி, 100சிசி, 150சிசி என்று எஞ்சின் அளவால் பிரிக்கப்பட்டிருந்தன. சின்ன மாடு, நடு மாடு, பெரிய மாடு என்ற பிரிவைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியிருக்காது.

வண்டி தனித் தேர்வாக மாறியது 2003-இல் வந்த மரியோ கார்ட்: டபுள் டேஷ் ஆட்டத்தில். அதில் வண்டிக்கு இரண்டு பேர். முன்னவர் ஓட்ட, பின்னவர் நின்றுகொண்டு எதிரிகள்மேல் பொருள்களை எறிவார். வண்டிகள் இலகு, நடு, கனம் என்று மூவகை. ஏறும் இருவரில் கனமானவரை வைத்தே எந்த வகை வண்டி என்பது முடிவாகும். தொடரில் பந்தய மாட்டுவண்டிக்கு மிக அருகில் வரும் ஆட்டம் இதுவே. ஜப்பானில் இதை வடிவமைத்தவர்கள் பேராவூரணிச் சாலையைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு பேர் ஒரு சிறு வண்டியில் ஏறினால் ஒருவர் ஓட்டவும் மற்றவர் தொல்லை கொடுக்கவும்தான் முடியும் என்பது எங்கும் பொது.

2011-இல் வந்த மரியோ கார்ட் 7 வண்டியைப் பிரித்துப்போட்டது. உடல் தனி, சக்கரம் தனி, பறக்கும் இறக்கை தனி; ஒவ்வொன்றையும் மாற்றிப் பூட்டலாம். பெரிய சக்கரம் போட்டால் மண்தரையில் வேகம் குறையாது, சிறிய சக்கரம் போட்டால் முடுக்கமும் திருப்பமும் கூடும் என்ற மாதிரிக் கணக்குகள். டயர் வண்டிக்கும் மரச்சக்கர வண்டிக்கும் நடுவே உள்ள வேறுபாட்டை நிண்டெண்டோவின் எண்பட்டியல் ஏறக்குறையச் சரியாகவே பிடித்திருக்கிறது. பட்டியலில் வராதது மாட்டின் மனநிலை. நேற்றுத் தண்ணீர் சரியாகக் குடிக்காத காளைக்குத் திரையில் புள்ளி குறைக்க வழியில்லை. மாட்டுவண்டிப் பந்தயத்தையே விளையாட்டாக்கிய எளிய கைபேசிச் செயலிகளும் இருக்கின்றன. அவற்றில் மாடு பெரும்பாலும் எஞ்சின் வேலைதான் பார்க்கிறது, தொட்டால் ஓடும், விட்டால் நிற்கும்.

நிஜ கார்ட்டும் கழித்துக் கழித்து உருவானதே. 1956-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ், புல்வெட்டும் இயந்திரத்துக்கென்று செய்த சிறு எஞ்சினை ஒரு குழாய்ச் சட்டத்தில் பொருத்தியதே முதல் கார்ட் என்று கொள்ளப்படுகிறது. கதவு, கூரை, வில் எதுவும் இல்லை. வில் இல்லாததால் ஓட்டுபவர் உடம்பைச் சாய்ப்பதும் சக்கரத்தின் பிடிப்பைப் பாதிக்கும். தமிழ்நாட்டில் மோட்டார் பந்தயத்துக்குப் பெயர்போன கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்து கரி மோட்டார் ஸ்பீட்வே, ரேக்ளா ஓடும் அதே கொங்கு மண்ணில்தான் இருக்கிறது.

சட்டம்

வண்டிப் பந்தயத்தையும் முடக்கிய ஜல்லிக்கட்டுத் தடையின் கதை ஜல்லிக்கட்டில் தொடங்கவில்லை. ரேக்ளா பந்தயம் நடத்த அனுமதி கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்த மனுவை விசாரித்த நீதிபதி ஆர். பானுமதி, 29 மார்ச் 2006 அன்று, மாடுகளைத் துன்புறுத்தும் இத்தகைய விளையாட்டுகள் எதுவும் கூடாது என்று தீர்ப்பளித்தார். அதில் ஜல்லிக்கட்டும் சேர்ந்துகொண்டது. அடுத்த ஆண்டே இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 7 மே 2014 அன்று ஜல்லிக்கட்டுக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் ஒருசேரத் தடை வந்தது. ஜனவரி 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட விலக்கு அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் சில நாளிலேயே நிறுத்திவைத்தது. ஜனவரி 2017-இல் மெரினாவிலும் மாநிலம் முழுதும் நடந்த போராட்டத்துக்குப் பின் தமிழ்நாடு தன் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அதையும், கர்நாடகத்தின் எருமைப் பந்தயமான கம்பளா, மகாராட்டிரத்தின் மாட்டுவண்டிப் பந்தயம் தொடர்பான சட்டங்களையும் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 18 மே 2023 அன்று ஏற்றுக்கொண்டது.

போராட்டத்தின்போது தொலைக்காட்சியில் முழுக்க ஜல்லிக்கட்டுக் காளையே தெரிந்தது. தடையால் அதே அளவு முடங்கிய வண்டிப் பந்தயக்காரர் பெயர் அதிகம் வெளியே வரவில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்பே பாரவண்டிகளுக்கென்று 1965-இல் மத்திய அரசு வகுத்த விதிகள் இருக்கின்றன. அவையும் மாட்டைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்றாகப் பிரிக்கின்றன: 200 கிலோ வரை சிறியது, 350 கிலோ வரை நடுத்தரம், அதற்குமேல் பெரியது. பால்பேரிங்கும் காற்றடைத்த டயரும் உள்ள வண்டிக்கு, அவை இல்லாத வண்டியைவிட அதிகப் பாரம் அனுமதி. நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலோ, இடைவெளியின்றி 5 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக்கூடாது. வெப்பம் 37 பாகையைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை வண்டி கட்டக்கூடாது. ஆணி பதித்த தார்க்குச்சிக்கு முற்றிலும் தடை. சித்திரை, வைகாசியில் தஞ்சாவூரின் வெயில் 37 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். பந்தயங்கள் காலையிலேயே முடிந்துவிடுவதற்கு விதியைவிட மாட்டுக்காரரின் அனுபவமே காரணம். தார்க்குச்சி விஷயத்தில் அந்த அளவு நல்லபெயர் சொல்வதற்கில்லை. வாலை முறுக்குவதும் கடிப்பதும் நின்றுவிட்டதாக எந்தப் பந்தயக்காரரும் நெஞ்சைத் தொட்டுச் சொல்லமாட்டார். விலங்குநல வாரியத்தின் புகார்களில் நியாயமே இல்லை என்று வாதிடுவது பந்தயத்துக்கு நல்லது செய்வதாகாது. பரிசோதித்துச் சான்று தரும் கால்நடை மருத்துவர் தொடக்கக் கோட்டில் நிற்கிறார். குற்றம் நடப்பதோ நாலாவது மைலில்.

பிற இடங்கள்

மகாராட்டிரத்தில் வண்டிப் பந்தயம் புணே, சாங்லி வட்டாரங்களில் பெரும் கூட்டம் கூடும் விழா. இந்தோனேசியாவின் மதுரா தீவில் நடக்கும் கராபான் சாப்பியில் வண்டியே இல்லை. இரண்டு மாட்டுக்கு நடுவே தரையில் இழுபடும் சட்டத்தின்மேல் ஓட்டுபவர் நிற்பார். கழித்தலின் கடைசிப்படி அது. கம்பளாவும் அப்படியே, எருமையும் சேறும் என்ற மாற்றத்தோடு.

தமிழர் வழக்கில் தஞ்சாவூருக்கு நெருங்கிய உறவு யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரி. சித்திரைப் புத்தாண்டையொட்டியும் பொங்கலையொட்டியும் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் நடக்கும் இதற்குப் பொதுச்சாலை வேண்டாம். சவாரித்திடல் என்று தனி மைதானங்களே இருக்கின்றன. மாடுகளைத் தரம்வாரியாக எழுத்துப் பெயரிட்ட பிரிவுகளில் பிரித்து, வண்டிகளைப் பக்கம் பக்கமாக நேர்கோட்டில் விடுவார்கள். எல்லையில் திரும்பி வரும் சிக்கல் அங்கே இல்லை. போர்க்காலத்தில் பல திடல்கள் ஆளில்லாமல் கிடந்தன. 2009-க்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களிலும் சவாரி மீண்டும் தொடங்கியது. இடப்பெயர்வுகளில் மாடுகள் அழிந்துவிட்டதால், வண்டியைவிட மாட்டைத் தேடிப்பிடிப்பதே அங்கு பெரும்பாடாக இருந்தது.